அரைக் கோப்பையும் ஐந்து கிலோவும்

"இவ்வளவுதானோ அண்ணை? இது குருவிக்குக் காணாதே!"

சிவனேஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு காலத்தில் இருபது இடியப்பத்தை இருந்த இருப்பில் இறக்கிய மனுசன் ராஜரத்தினம். கனடாவிலிருந்து பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கச்சியைப் பார்க்க வவுனியாவுக்கு வந்தவர், அரைக் கோப்பைச் சோற்றோடு கையை மறித்துவிட்டார்.

"உடம்பைக் குறைக்கவெண்டு வயித்தை ஓபரேசன் செய்து சுருக்கிப்போட்டாங்கள், பிள்ளை. இனி இவ்வளவுதான் கொள்ளும். நிறை திரும்ப ஏறினால் செய்த ஓபரேசனும் வீண், சீனி வருத்தமும் திரும்பி வந்திடும்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். "சோறு, நூறு கலோரி" என்று எழுதினார்.

ஊர் சும்மா இருக்குமா? குளத்தில் குளிக்கப் போன இடத்தில் கேட்டே விட்டார்கள். "என்ன அக்கா, கனடாத் தமையனுக்கு அரைக் கோப்பைச் சோறாமே? அரிசி முடிஞ்சுபோச்சோ?"

சிவனேஸ்வரி அன்றிரவே ஒரு முடிவுக்கு வந்தாள். அளவைத்தானே குறைக்கச் சொன்னார்கள்? சத்தைக் குறைக்க எந்த டொக்டரும் சொல்லவில்லையே!

அடுத்த நாளிலிருந்து அரைக் கோப்பைச் சோற்றுக்குள் இரண்டு கரண்டி நெய் ஒளிந்துகொண்டது. கஞ்சிக்குத் தேங்காயின் கெட்டி முதற்பால். காலையும் பின்னேரமும் முட்டை அடித்த கோப்பி. குடிக்கிறது எப்படிச் சாப்பாடாகும் என்பது அவளுடைய நியாயம்.

"ஊர்க் கஞ்சியின்ர ருசியே தனி!" என்று அண்ணன் சப்புக்கொட்டினார். கொப்பியில் "கஞ்சி, அறுபது" என்று எழுதினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. யோகலிங்கத்தின் அரிசி மில்லில் இருந்த தராசுதான் அந்தப் பயம். ஆளை நிறுக்க அந்த ஊரில் வேறு தராசு கிடையாது.

வந்த மூன்றாம் நாளே ராஜரத்தினம் அதில் ஏறிப் பார்த்திருந்தார். எண்பத்தைந்து கிலோ.

"கனடாவில வெளிக்கிடேக்கை தொண்ணூறு. மூண்டு நாளில ஐஞ்சு கிலோ குறைஞ்சிட்டனே!"

"அளவோட இருக்கிறியள் அண்ணை, அதுதான்," என்றான் யோகலிங்கம், நெற்றி நிறைய வீபூதியோடு. "மனுசருக்குப் பேராசைதான் கூடாது."

ஒரு மாதம் ஓடியது. புறப்பட இரண்டு நாள் இருக்க அண்ணன் மறுபடியும் மில்லுக்குப் போனார். சிவனேஸ்வரி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டுக் காத்திருந்தாள்.

"தொண்ணூறு! அங்க வெளிக்கிட்ட அதே நிறை. இஞ்ச குறைஞ்ச ஐஞ்சுதான் திரும்பியிருக்கு, அதுக்கு மேல ஒரு கிலோவும் கூடேல்லை," என்று வந்தார். அவளுக்கு உயிர் வந்தது.

அன்று பின்னேரம் அண்ணன் விறாந்தையில் பெட்டி கட்டக் குனிந்தார். காற்சட்டைப் பொத்தான் தெறித்துப் போய், முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த அவள் புருசன் பரமலிங்கத்தின் செம்பில் 'டங்' என்று விழுந்தது.

ராஜரத்தினத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் முதல் வேலையாக வவுனியாப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது.

"பிள்ளை, தொண்ணூற்றைஞ்சு!"

சிவனேஸ்வரி தாங்க மாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நெய், முதற்பால், முட்டை, ஒன்றையும் மறைக்கவில்லை. "என்னில பிழை அண்ணை. நீங்கள் மெலிஞ்சு நிண்டது எனக்குப் பொறுக்கேல்லை."

"உனக்கு விசரே? வயித்தைச் சுருக்க நான் காசு குடுத்தது இதுக்கே?" என்று கத்தினார். கத்தியவர் திடீரென்று நின்றார். "அதுசரி, ஆசுப்பத்திரியில தொண்ணூற்றைஞ்சு. மில்லில ஏன் தொண்ணூறு?"



சிவனேஸ்வரியின் கண் விறாந்தையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளுக்குப் போனது. வருசா வருசம் விற்க நிறுக்கும்போது மில்லில் மூட்டைக்கு மூன்று நாலு கிலோ குறையும். "பதர் அக்கா, பதர்" என்பான் யோகலிங்கம். அவளும் வீட்டுக்கு வந்து, "ஒழுங்காய்த் தூத்தத் தெரியாத மனுசன்" என்று பரமலிங்கத்தைத்தான் வறுத்தெடுப்பாள். அந்த மனுசன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இப்போதும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, மூட்டையளை வண்டிலில ஏத்துங்கோ. அண்ணை, நீங்களும் ஏறுங்கோ."

மில்லில் பத்துப் பன்னிரண்டு பேர் நெல்லோடு நின்றார்கள். "வாங்கோ அக்கா, முதல் மூட்டையை வையுங்கோ," என்றான் யோகலிங்கம்.

"நெல்லு பிறகு. முதல்ல அண்ணை ஏறட்டும்."

ராஜரத்தினம் ஏறினார். தொண்ணூறு. இறங்காமலே ஆசுப்பத்திரித் துண்டை எடுத்து எல்லோரும் கேட்க வாசித்தார். "இண்டைக்குக் காலமை, தொண்ணூற்றைஞ்சு."

யோகலிங்கம் சிரிக்கப் பார்த்தான். "ஆசுப்பத்திரித் தராசு பழசு அண்ணை."

"அப்ப கனடாத் தராசும் பழசோ? அங்க தொண்ணூறு எண்டு வந்தவனை நீர் மூண்டு நாளில எண்பத்தைஞ்சு ஆக்கினனீரெல்லே?"

நெல்லோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யோகலிங்கத்தின் வீபூதியில் வேர்வை இறங்கியது.

சிவனேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணைக்கு வயித்தைச் சுருக்கினது கனடா டொக்டர். உங்கட தராசுக்கு ஆர் தம்பி ஓபரேசன் செய்தது?"