வாளிக்குள் வந்த கடல்

புது வீட்டுப் படியில் தணிகாசலமும் செண்பகமும் ராகு காலம் முடியக் காத்திருந்தார்கள். மீன்தொட்டி ஆட்டோவில் காலியாக இருந்தது. அதன் கடல்நீரும் பவளமும் ஒற்றை ஆரஞ்சு மீனும் தணிகாசலத்தின் கையிலிருந்த வாளியில் இருந்தன. மீன் மேலே வந்து வாய் பிளந்தது.

“வீட்டுக்குள்ளதான் கரன்ட் இருக்கு, செண்பகம். ஏர் மோட்டார் போட்டா பொழைச்சுக்கும்” என்றான்.

“உங்க மீனுக்காக ராகு காலத்துலயா குடி போவாங்க?” என்ற மனைவி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். மீன் ஒருக்களித்துச் சாய்ந்தது.

சட்டென்று வாளியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “முதல்ல உப்பும் தண்ணியுந்தானே வீட்டுக்குள்ள போகணும்? ரெண்டும் இதுல இருக்கு. நேரத்த முருகன் பாத்துக்குவான்.” வலது காலை உள்ளே வைத்தாள்.

மோட்டார் ஓடியது. குமிழிகள் எழுந்தன. செண்பகம் தண்ணீருக்குள் கையை விட்டு, மீனைத் தொடாமல், அதன் கீழே உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள்.