இன்னும் பத்தல

“இன்னும் பத்தலக்கா” என்றபடி என் தம்பி அந்தப் பெட்டியை என் மேசைமேல் இறக்கினான். எட்டாவது சனிக்கிழமை.

கிதாரின் ஒலியை முதலில் வாங்கிப் பெருக்குகிற வால்வு ப்ரீஆம்ப் அது. இந்த மாதிரிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். பெருக்கும் அளவான கெயினைக் கூட்டி ஒலியைக் கரகரவென்று உடைய வைப்பதும் எனக்குப் புதிதல்ல. ஆனால் இவன் கேட்கிற கரகரப்பு மட்டும் பிடிபடவே இல்லை.

முதல் வாரம் உள்ளே இருந்த கண்ணாடி வால்வை மாற்றினேன். பிறகு பெரிய கெபாசிட்டர், வேறு ரெசிஸ்டர்கள். போன வாரம் தகட்டில் துளைபோட்டு இன்னொரு வால்வையே சேர்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடையில் வாசித்துப் பார்த்து “ஆகா!” என்பான், அடுத்த சனிக்கிழமை மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

வயரைச் சுற்றியிருந்த சிவப்பு நூலைக் கத்தரித்துவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன்.

“இதை வச்சுப் பாட்டு வாசிக்கிறியா, சுவரை இடிக்கிறியாடா?”

“ரெண்டும்தான்.” ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “நீ சாப்டியா?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. என் கணவர் இறந்தபிறகு உறவுக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் வந்து அதையே கேட்டார்கள். “என்னைப் பாக்கன்னு யாரும் வராதீங்க. ரிப்பேர் இருந்தா கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன். ரோஷப்பட்டு எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

“வேலை நேரத்துல வளவளன்னு பேசாதே” என்றேன்.

மாலைவரை மல்லுக்கட்டினேன். கெயினை இன்னும் ஏற்றியதும் பெட்டி ஊளையிட்டது. வயர்களை விலக்கி விலக்கி வைத்து அதை அடக்குவதற்குள், ஈயம் வைக்கும் சூட்டுக்கோல் பட்டு விரல் கொப்பளித்துவிட்டது. அதோடு பொறுமையும் போயிற்று.

“இதுக்கு மேல என்னால ஆகாது. இனிமே இதைத் தூக்கிட்டு இந்தப் படி ஏறாதே!”

அவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “அப்போ வேற எதைத் தூக்கிட்டு வர்றது?”

“ஒண்ணையும் தூக்கிட்டு வராதே. கிளம்பு.”

வாசித்துப் பார்க்கக்கூடச் சொல்லவில்லை. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் செய்வதுபோல வயரைச் சுருட்டி, சிவப்பு நூலால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

“வீட்டுல வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா” என்று போனான்.

செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பில் இறந்துபோனான். முப்பத்தொன்பது வயது.

ஒரு மாதம் கழித்து, அவனோடு டிரம்ஸ் வாசிக்கிறவர் அவனுடைய சாமான்களைக் கொண்டுவந்தார். கிதார், சட்டைகள், கடைசியாக அந்தப் பெட்டி. ஒரு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“கடைசியா நான் செஞ்சு குடுத்தது... அவனுக்குப் பத்துச்சா?”

அவர் விழித்தார். “இதுலயா? நாங்க ஓட்டல் லாபியில மெதுவா வாசிக்கிற ஆளுங்கக்கா. கரகரன்னு ஒரு சத்தம் வந்தா அன்னிக்கே துரத்திடுவாங்க. இது அவன் கார் டிக்கியிலயேதான் கிடக்கும். சனிக்கிழமை மட்டும் எங்கயோ தூக்கிட்டுப் போவான்.”

குனிந்து வயரைப் பார்த்தேன். சிவப்பு நூலில் நான் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது.