ஆறாவது துண்டு

இரண்டு துண்டுகளின் இணைப்பு சரியாகப் படத்திலிருந்த கண்ணின் நடுவே வந்து விழுந்தது.

விளம்பரப் படத்தின் ஐந்தாவது வினைல் துண்டு பாதிக் கண்ணோடு சுவரில் ஒட்டி முடிந்திருந்தது. மீதிக் கண், ஹெலியின் தோளில் சுருளாகக் கிடந்த ஆறாவது துண்டில் இருந்தது.

கனடாவின் சட்பரி நகரத்து ஐஸ் ஹாக்கி அரங்கம். நாற்பது அடி உயரத்தில், வண்டியில் பொருத்திய லிப்ட் கூண்டுக்குள் அவளும், அதே விளம்பரக் கடையில் வேலை செய்யும் ரோலாண்டும். ஊரின் புதிய பெண்கள் அணிக்கு இன்று முதல் ஆட்டம்.

முன்சுவர் முழுக்க வரப்போவது அந்த அணியின் கோல்கீப்பர் படம். முகமூடிக் கம்பிகளுக்குப் பின்னால் கண்களும் புருவங்களும் மட்டும்தான் தெரியும். அடியில், ‘யார் இவள்? இன்று மாலை ஏழு மணிக்கு.’ கோல்கீப்பர் யாரென்று அணி வெளியே சொல்லாததால், ஒரு வாரமாக ஊரே பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மான்ட்ரியல்லேர்ந்து எவளையோ இறக்கியிருக்கானுங்க,” என்றார் ரோலாண்ட். “பாரேன், இன்னிக்கே அஞ்சு கோல் விடுவா.”

“அவ உங்களை என்னண்ணே பண்ணினா? டேப்பைப் புடிங்க.”

ஆறாவது துண்டு ஐந்தாவதின்மேல் அரை அங்குலம்தான் ஏற வேண்டும். ஒட்டியதை உரித்தால் வினைல் இழுபட்டுவிடும். இழுபட்டால் கண் கோணிவிடும். மறுபடி அச்சடிக்க நேரமில்லை.

மேல் குறிகளைப் பொருத்தி டேப் போட்டாள். பின்தாளைக் கையகலம் உரித்ததும் ஏரிக்காற்று துண்டைப் கப்பல் பாய்போல உப்ப வைத்தது. ரோலாண்ட் மார்பை வைத்தே அதைச் சுவரோடு அழுத்தினார்.

அவள் இழுக்கவில்லை. துண்டு தன் எடையிலேயே இறங்கட்டும் என்று விட்டாள். விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

இமை சேர்ந்தது. கருவிழி முழு வட்டமானது.

கீழே டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஹெலி கீழே பார்த்துச் சிரித்தாள். வினைலுக்குச் சூடு காட்டி, உருளையால் செங்கல் இடுக்குகளில் அழுத்தினாள். விரலால் தடவினால்தான் இணைப்பு இருப்பதே தெரிந்தது.

தள்ளி நின்று பார்க்கலாமென்று ரோலாண்ட் லிப்டைப் பின்னுக்கு எடுத்தார்.

படத்தின் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. பாதி ஐந்தாவது துண்டில், பாதி ஆறாவதில். இதுவரை அதை முழுசாகப் பார்க்க வழியில்லை.

ரோலாண்ட் அதைப் பார்த்தார். பிறகு திரும்பி, காற்றில் கம்பளித் தொப்பி மேலேறியிருந்த ஹெலியின் இடது புருவத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே தழும்பு.

“ஆட்டம் ஏழு மணிக்குத்தானே?” என்றார்.

“ஆறுக்கே உள்ள இருக்கணும்ணே.”

அவர் அவள் கையிலிருந்த உருளையை வாங்கிக்கொண்டார்.

“இன்னும் மூணு துண்டுதான். கடையிலேர்ந்து ஆளை வரச் சொல்லி நான் ஒட்டிக்கறேன். நீ போயி கொஞ்சம் தூங்கு.”