உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்

“ரோகிணிக்கா, டெல்லியில இன்னைக்கு என்னமோ வாசிச்சாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?”

அமீருன்னிசா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். மூஞ்சிக்கல் கடைத்தெருவிலிருந்து தினமும் சாயங்காலம் இந்த மேட்டை ஏறி வந்துவிடுகிறாள்.

ரோகிணி டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். வெளியுறவுத் துறையில் அறிக்கைகளை மொழிபெயர்த்தே தலை நரைத்து, கொடைக்கானலுக்கு வந்து ஒதுங்கியவள். அவள் மகன் ஆனந்தும் அமீருன்னிசாவின் மகன் அப்பாஸும் பிழைக்கப் போன நாட்டில் இப்போது குண்டு விழுகிறது. ஆனந்தின் குரலைக் கேட்டு இரண்டு வாரமாகிறது.

“நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்னு சொன்னாங்க, அமீரு.”

“கவனிச்சு?”

ரோகிணி ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தையே பார்த்தாள். அந்த வரிக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று அவள் முகமே சொன்னது. கீழே பஸ் முனகிக்கொண்டு ஏறியது. சட்டென்று எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.”

“அப்படின்னா... ஃபிளைட் ரெடி பண்றாங்கன்னு அர்த்தம். முன்கூட்டி வெளிய சொல்ல மாட்டாங்க.”

“ஆழ்ந்த கவலைன்னாரே மந்திரி? மூஞ்சியில ஒரு கவலையும் காணோம். கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரில்ல நின்னாரு.”

ரோகிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கவலைன்னு சொல்லிட்டாலே, கூட்டிட்டு வர ஆள் கெளம்பியாச்சுன்னு அர்த்தம்.”

“அப்ப ஆனந்து வந்துருவான்?”

“ரெண்டு பேருமே வந்துருவாங்க. எங்க ஆபீஸ் பாஷை எனக்குத் தெரியாதா?” சொல்லச் சொல்ல ரோகிணியின் முதுகு நிமிர்ந்தது. “அப்பாஸோட ஸ்வெட்டரை எடுத்து வெயில்ல போடு. ஆனந்தோடதை நான் நேத்தே துவைச்சுட்டேன்.”

அமீருன்னிசா தூக்குவாளியைத் திறந்து இடியாப்பத்தை எடுத்து வைத்தாள். ரோகிணி சாப்பிட்டுக் கை கழுவும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தன் வீட்டுக்கு வந்ததும் அமீருன்னிசா கதவை உள்ளே தாழிட்டாள்.

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா நான் இப்படி அடுப்படியிலயே ஒளிஞ்சு கெடக்குறது?” என்றான், போன வாரமே கப்பலேறி வந்து சேர்ந்துவிட்ட அப்பாஸ்.

“ஏலே, மெதுவாப் பேசு. ஆனந்து வரட்டும். நீ வந்துட்டேன்னு தெரிஞ்சா, அக்கா அப்புறம் யாருக்குத் தைரியம் சொல்லும்?”