எங்க வம்சத்துல கிடையாது

இரண்டு முறை கரு கலைந்த ஜீவிதாவுக்கு இப்போது மூன்றாம் மாதம்.

"இந்தப் பிள்ளை தங்கணும்னா, கோளாறு யார் வழியா வருதுன்னு தெரியணும். எல்லாரும் ரத்தம் கொடுங்க" என்றார் தஞ்சாவூர் மரபணு டாக்டர்.

"எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாது, சம்பந்தி" என்றாள் மாமியார் செந்தாமரை.

"அப்ப எங்க வம்சத்துல மட்டும் இருக்கா, சம்பந்தி?" என்று எகிறினார் ஜீவிதாவின் அப்பா மனோகரன்.

டாக்டர் தாளை எடுத்தார். "அம்மா, உங்க அப்பா பேரு?"

"மன்னார்குடி ஐயாவு" என்றாள் செந்தாமரை.

"உங்க அப்பா பேருங்க, ஐயா?"

மனோகரன் தொண்டையைச் செருமினார். "அதையே எழுதிக்குங்க. தங்கச்சி மவனுக்குத்தான் பொண்ணைக் கொடுத்தேன்."

டாக்டர் வம்சத்தை ஒருமுறை மட்டும் எழுதினார்.

செந்தாமரை மருமகளின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"முதல்ல எனக்கு எடுங்க, டாக்டர். அண்ணனை நான் புடிச்சுக்கறேன். ஊசின்னா ஓடிடும்."