கடைசிப் புறாவுக்கு ஒரு மாப்பிள்ளை

இதில் ஒரு வார்த்தை பொய்யானாலும் என் பல்செட்டு கடலோடு போகட்டும்.

நடுக்கடல் தீவு ஒன்றில் பத்து வருடம் நான் ஒரே ஒரு காட்டுப் புறாவுக்குக் காவல் இருந்தேன். அவள் இனத்தில் மிச்சம் அவள்தான். பறவைப் பேச்சைத் தமிழாக்கும் கருவியை அங்கே பொருத்தியவர் தூத்துக்குடிக்காரர். அதனால் அவளும் அந்த ஊர்ப் பேச்சுதான் பேசினாள்.

“அண்ணாச்சி, கப்பல்ல எனக்கு மாப்பிள்ள வந்தானா?”

“கடல் சரியில்லம்மா. கப்பல் திரும்பிப் போயிட்டு.”

“போன வாரமும் இதத்தான சொன்னீரு? எவனும் இல்லன்னு உம்ம மூஞ்சியே சொல்லுதே!”

அன்று அவள் அத்திப்பழத்தைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் பழத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

“ஒருத்தன் கெளம்பிட்டான்மா. அலகுதான் கொஞ்சம் கோணல்.”

அவள் வெகுநேரம் கடலையே பார்த்தாள்.

“கோணல்னா என்ன, வரச் சொல்லும்” என்று பழத்தை ஒரு கொத்து கொத்தினாள்.

அதன் பிறகு தினமும் நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்து, கப்பல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் அந்தத் தீவில் வேலைக்குச் சேர்ந்தபோதே, அவள் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பல்செட்டு இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.