சலாலாவின் சம்மதம்

"எங்களைக் கேக்காமல் எங்கட அதிகாரத்தில கை வைக்கக் கொழும்பு ஆர்?"

மேசையில் ஓங்கி அடித்தார் கனகரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், மஸ்கட் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் ஒரு ஓட்டல் மாடியில் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவள் மேனுஜாதான்.

ஓமானின் தென்கோடியில் இருக்கும் சலாலாவிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருந்தாள். தலைவரிடம் கேட்க அவளுக்கு ஒரே ஒரு விஷயம். சங்கத்தின் சலாலாக் கிளை நடத்தும் வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பை எடுத்துவிடக் கூடாது. இனி எல்லாம் மஸ்கட்டிலிருந்து ஒன்லைனில்தான் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

அவள் வீட்டு ஹாலில் அவளே நடத்துகிற வகுப்பு. மற்ற நாளெல்லாம் இங்கிலீஷிலேயே கதைக்கிற பிள்ளைகள் அங்கே மட்டும்தான் தமிழில் சண்டை பிடிக்கும். கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்தால் அதுகள் தமிழா படிக்கும்?

கனகரத்தினம் விடவில்லை. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு.

"மாகாணத்தின்ர அதிகாரத்தைத் தொடுற சட்டமெண்டால் முதல்ல மாகாண சபையைக் கேக்க வேணும். அரசியல் யாப்பிலயே இருக்கு. சபை எங்க? வருசக்கணக்காத் தேர்தல் இல்லை. முந்தி ஒருக்கால் வடக்கில சபை இல்லாத நேரம், ஆளுநரே சம்மதம் குடுத்தவர். கொழும்பு போட்ட ஆள் கொழும்புக்குச் சம்மதம் சொல்லுறதோ? வெக்கமாயில்லை?"

மேனுஜாவுக்குக் கண் கலங்கியது. இந்த மனுசனிடமா நியாயம் கிடைக்காது?

கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது அவரிடம் போனாள்.

"அண்ணை, எங்கட தமிழ் வகுப்பு..."

"அது முடிஞ்சுது தங்கச்சி. அடுத்த கிழமையில இருந்து ஒன்லைன்."

"கிளை சம்மதிக்காமல் வகுப்பில கை வைக்க ஏலாது எண்டு சங்க விதி இருக்கே. அதைக் கொண்டு வந்ததே நீங்கள்தானே?"

"சம்மதம் கேக்கக் கிளையில நிர்வாகம் எங்க?"

"தேர்தல் வையுங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டம்? ஒருக்கால் நோன்பு எண்டியள், ஒருக்கால் வெயில் எண்டியள், பிறகு ஆக்கள் லீவில எண்டியள்."

"அதுக்காக விதியை மீற ஏலுமே?" கனகரத்தினம் வடையைக் கடித்தார். குரலில் கோபமே இல்லை, பாசமாகத்தான் சொன்னார். "எல்லாம் முறைப்படிதான் செய்தது. சலாலாவுக்கு நானே ஒரு பொறுப்பாளரைப் போட்டன். அவர் நேற்றே சம்மதம் தந்திட்டார்."

"ஆர் அவர்? எங்கட ஆக்களில ஒருத்தரும் இல்லையே."

பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்த தன் மச்சானின் முதுகில் தட்டினார் கனகரத்தினம். "இவர்தான், வினோஜன்."

வினோஜன் மரியாதையாக அவளுக்கும் ஒரு டீயை நீட்டினான்.

"அக்கா, சலாலா நல்ல பச்சைப் பசேலெண்ட இடமாமே? நான் ஒருக்காலாவது வந்து பாக்க வேணும்."